அசல் சோல் இசைத்தட்டா, கள்ளப் பதிப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில் வசிக்கிறேன். 1960களில் அமெரிக்காவில் வெளிவந்த சோல் (கறுப்பின மக்களிடையே பிறந்த உணர்ச்சி மிகுந்த இசை) பாடல்களின் ஏழு அங்குல இசைத்தட்டுகளைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். லண்டன், டொராண்டோ, சென்னை என்று பல ஊர்களிலிருந்து தமிழ் நண்பர்கள் இதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

'நார்தர்ன் சோல்' என்கிறார்களே, அது அமெரிக்காவின் வடபகுதியைக் குறிக்கிறதா?

இல்லை. பாட்டு அமெரிக்காவுடையது, 'வடக்கு' இங்கிலாந்துடையது. டேவ் கோடின் என்ற இசை எழுத்தாளர் லண்டனின் கோவென்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடை நடத்திவந்தார். கால்பந்துப் போட்டி பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் புதிய ஃபங்க் பாடல்களை ஏறெடுத்தும் பார்க்காமல், 60களின் நடுப்பகுதியில் வந்த வேகமான, தாளக்கட்டு மிகுந்த சோல் பாட்டுகளையே கேட்டு வாங்கினார்கள். அவர்களின் ரசனைக்கு அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல். 1970இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' இதழில் எழுதிய பத்தியின் வழியே அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது.

மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், டன்ஸ்டலின் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, விகன் கேசினோ ஆகியவை அந்த இசைக்குக் கூடி ஆடிய அரங்குகள். விகன் கேசினோவில் 1973 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆட்டம் 1981 டிசம்பர் 6 வரை நடந்தது. நள்ளிரவுக்குப் பின் கதவு திறப்பார்கள். காலை எட்டு மணிக்கு வீடு திரும்புவார்கள். மது கிடையாது. ஆடுவதற்காகவே வந்த கூட்டம் அது.

ஒரு தட்டு ஏன் அரிதாகிறது? நல்ல பாட்டாக இருந்திருந்தால் அப்போதே விற்றிருக்காதா?

நல்ல பாட்டெல்லாம் விற்றதில்லை என்பதிலிருந்துதான் இந்த உலகமே பிறக்கிறது. டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் அன்று நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் இருந்தன. சில நூறு தட்டுகளை அச்சிட்டு, உள்ளூர் வானொலி நிலையங்களுக்குக் கொடுப்பார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பினால் உண்டு. இல்லையென்றால் மிச்சத் தட்டுகள் கிடங்குக்குப் போகும், அங்கிருந்து குப்பைக்குப் போகும். பாடியவர் மறுநாள் காலை கார் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிவிடுவார்.

குளோரியா ஜோன்ஸ் 1965இல் சாம்பியன் நிறுவனத்துக்குப் பாடிய 'டெய்ன்டட் லவ்' அன்று பின்பக்கப் பாட்டாக வந்து, கேட்பாரற்றுப் போனது. 1973இல் ரிச்சர்ட் சியர்லிங் என்ற வட்டுக்காரர் (அரங்கில் இசைத்தட்டு போடும் டி.ஜே.) பிலடெல்பியாவில் ஒரு தட்டை வாங்கி வந்து இங்கே சுழலவிட்ட பிறகு வட இங்கிலாந்தே அதற்கு ஆடியது. 1981இல் சாஃப்ட் செல் குழு பாடியபோது உலகம் முழுவதும் தெரிந்தது. பதினாறு ஆண்டுகள் அந்தப் பாட்டு காத்திருந்தது.

கள்ளப் பதிப்புகள் எங்கிருந்து வந்தன?

அதே அரங்குகளின் வாசலிலிருந்து. வட்டுக்காரர் ஒரு பாட்டைப் போடுகிறார், ஆயிரம் பேர் ஆடுகிறார்கள், உலகில் இருப்பதோ நான்கைந்து தட்டுகள். ஒரே மாதத்தில் அந்தப் பாட்டைத் தட்டிலிருந்தே நகலெடுத்து அச்சிட்டு விற்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை கொடுத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான்; அதற்கு முந்தைய பதிவுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட சட்டங்களின் கீழ் கிடந்தன. கடல் கடந்து நடக்கும் இந்தச் சிறு திருட்டைத் துரத்த யாருக்கும் நேரம் இல்லை.

இதைத் தடுக்க வட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வழி, தட்டின் நடுவே பாட்டின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அச்சான லேபிளின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாட்டுக்கும் பாடகருக்கும் பொய்ப் பெயர் வைப்பது. 'கவர்-அப்' என்பார்கள். ஜமைக்காவின் ஒலிபெருக்கிக் குழுக்களிடம் இந்த வழக்கம் அதற்கு முன்பே இருந்தது.

பாடியவருக்கு இதில் ஒரு காசுகூடப் போகவில்லை. கள்ளப் பதிப்பைப் பற்றிப் பேசும்போது வாங்கி ஏமாந்தவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். முதலில் ஏமாந்தவர் பாடியவர்.

லேபிள் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. அது போதாதா?

போதாது. லேபிளைத்தான் முதலில் போலி செய்வார்கள், ஏனென்றால் வாங்குபவர் பார்ப்பது அதைத்தான். ஆனாலும் லேபிள் சில உண்மைகளைச் சொல்லும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 60களின் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்ண மையில் லேபிள் அச்சிட்டன. லென்ஸில் பார்த்தால் மை ஒரே சீராக நிரம்பியிருக்கும், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். லேபிளைப் புகைப்படம் எடுத்து அச்சிட்ட போலியில் அதே நிறம் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். மெல்லிய எழுத்துகளின் உட்குழிகள் அடைபட்டிருக்கும்.

ஒருமுறை என் கைக்கு வந்த தட்டின் லேபிளில் பழைய உரிமையாளர் பேனாவால் எழுதிய தலைப்பெழுத்து இருந்தது. பழமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றும். லென்ஸை வைத்தேன். பேனாக் கோடும் புள்ளிகளால் ஆனது! காகிதத்தில் பேனா அழுந்திய தடமே இல்லை. யாரோ எப்போதோ தன் தட்டில் எழுதிய எழுத்தையும் சேர்த்தே படம்பிடித்து அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும்?

பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கும். சேகரிப்பவர்கள் அதை 'டெட் வாக்ஸ்' என்பார்கள். தட்டை மேசை விளக்கின் கீழ் பிடித்து மெல்லச் சாய்த்தால் அதில் எண்களும் குறிகளும் மின்னும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. நான் லேபிளுக்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் தெரிவது மேட்ரிக்ஸ் எண். எந்தப் பதிவு, எந்தப் பக்கம் என்று ஆலை அடையாளம் காண்பதற்கான எண் அது. அதை யார் வேண்டுமானாலும் கையால் கீறிவிடலாம். போலி செய்வதற்குக் கடினமானவை, ஒலிப்பதிவை மூலத் தட்டில் பள்ளமாக வெட்டிய கூடமும் தட்டை அச்சிட்ட ஆலையும் விட்டுச்சென்ற இயந்திர முத்திரைகள். நியூயார்க்கின் பெல் சவுண்ட் கூடம் தன் பெயரையே முத்திரையாகப் பதித்தது. 'ஆடியோ மேட்ரிக்ஸ்', 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' என்ற முத்திரைகளும் அடிக்கடி கண்ணில் படும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலைத் தட்டுகளில் ஒரு வட்டத்துக்குள் எம், ஆர் என்ற எழுத்துகளும், ஒரு சிறு முக்கோணமும் அதையொட்டி ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண் கால வரிசையில் ஏறிக்கொண்டே போவதால், பதிப்பு ஏறக்குறைய எந்த மாதத்தது என்றுகூடக் கணிக்கலாம். பிறருக்காக ஆர்.சி.ஏ. அச்சிட்டுக் கொடுத்த தட்டுகளின் எண்ணில் முதல் ஆங்கில எழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யு என்றால் 1967.

டெட்ராய்ட் தட்டுகளை விரும்புகிறவர்கள் ஏ.ஆர்.பி. என்ற பின்னிய எழுத்து முத்திரையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஒவோஸ்ஸோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் ஆலையின் குறி அது. டெட்ராய்டின் புகழ்பெற்ற சோல் நிறுவனமான மோட்டவுனின் தட்டுகள் ஏராளமாக அங்கே அச்சாயின. 1972இல் அந்த ஆலை தீக்கிரையானது. அதன் குறி உண்மையிலேயே இயந்திரத்தால் பதிந்திருந்தால், அந்தத் தட்டு தீவிபத்துக்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம்.

இயந்திர முத்திரைக்கும் கைக்கீறலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் ஒருமுறை பழகிவிட்டால் போதும். முத்திரையில் கோட்டின் ஆழம் எங்கும் ஒன்றுபோல இருக்கும். ஊசியால் கீறிய எழுத்தில் கை நடுங்கிய இடம் தெரியும்; வளைவுகளில் கோடு நழுவியிருக்கும். அசலில் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அதே குறியைக் கையால் வரைந்திருந்தால், தட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் தட்டில் எல்லாமே கையால்தான் கீறியிருக்கிறது. கள்ளமா?

அவசரப்பட வேண்டாம். கையால் மட்டுமே கீறிய அசல்கள் எத்தனையோ உண்டு. அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் அசலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே பாட்டைக் கிழக்குக் கரையில் ஒரு ஆலையும் மேற்குக் கரையில் இன்னொரு ஆலையும் அச்சிட்டிருக்கலாம். இரண்டுமே அசல், குறிகள் மட்டும் வேறு. டிஸ்காக்ஸ், 45கேட் போன்ற தளங்களில் படங்களை ஒப்பிடுங்கள். ஆனால் அங்கேயும் கள்ளப் பதிப்பின் படத்தை அசல் என்று ஏற்றியவர்கள் உண்டு. ஒரே படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஸ்டைரீன், வினைல் என்று பிரித்துப் பேசுகிறார்களே?

வினைல் தட்டு, சூடான பொருளை இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவே அழுத்திச் செய்வது. லேபிளும் அதே அழுத்தத்தில் தட்டோடு ஒன்றிவிடும். ஸ்டைரீன் தட்டு, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சிச் செய்வது. லேபிளைப் பிறகு பசையால் ஒட்டுவார்கள். அதனால் பழைய ஸ்டைரீன் தட்டுகளில் லேபிளின் ஓரம் சில நேரம் மேலெழும்பி நிற்கும். மோனார்க் உட்பட அமெரிக்க ஆலைகள் பல ஏழு அங்குலத் தட்டுகளை ஸ்டைரீனில்தான் செய்தன.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் விகன் கேசினோவில் ஆடிய தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரியவர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நடுத்துளையில் விரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, ஓரத்தில் நகத்தால் சுண்டினார். ஒன்று 'டிங்' என்று பீங்கான் தட்டைப் போல ஒலித்தது; மற்றொன்று 'தொப்' என்று அடங்கியது. முன்னது ஸ்டைரீன், பின்னது வினைல். அன்று மாலை முப்பது தட்டுகளைச் சுண்டவைத்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார்.

இதன் பயன் இதுதான்: ஒரு பாட்டின் அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்பது உறுதியாகத் தெரிந்திருந்து, உங்கள் கையில் இருப்பது வினைல் என்றால், வேறு சோதனையே தேவையில்லை. எல்லாத் தட்டுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில் இதைவிட விரைவான சோதனை கிடையாது.

காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அதை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்து. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு இசைத்தட்டுச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் 180 பவுண்டு கொடுத்து ஒரு டெட்ராய்ட் தட்டு வாங்கினேன். கூட்டமான அரங்கு, மங்கலான விளக்கு, பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன்பே, தூரத்தில் சருகு எரிவதுபோல ஒரு சலசலப்பு திடீரென்று எழுந்து வந்தது. தட்டோ பளபளவென்று இருந்தது. இரண்டாவது பத்தியில் 'டிக், டிக்' என்று மூன்று சுற்றுகள் தொடர்ந்து ஒரு கீறல் ஒலி. தட்டை எடுத்து விளக்கடியில் பிடித்து அந்த இடத்தைத் தேடினேன். கீறலே இல்லை. நான் கேட்டது வேறொரு தட்டின் கீறலை. யாரோ தேய்ந்த அசல் ஒன்றைச் சுழலவிட்டுப் பதிவுசெய்து அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அசலின் காயம் என் புதுத் தட்டுக்குள் ஒலியாக மட்டும் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத கீறல் காதில் விழுந்தால், அது நகல். அதோடு உயர்ந்த சுருதிகள் மழுங்கியிருப்பது, ஒலி அளவு குறைந்திருப்பது, முடிவு அசலைவிட முன்னதாகவே தேய்ந்து மறைவது ஆகியவையும் துணைச் சாட்சிகள். 60களின் அசல் ஏழு அங்குலம் பெரும்பாலும் சத்தமாக, அறைந்தாற்போல ஒலிக்கும்.

எல்லோரும் சொல்லும் அந்த ஃபிராங்க் வில்சன் தட்டின் கதை என்ன?

1965இல் மோட்டவுனின் துணை நிறுவனமான 'சோல்' லேபிளுக்காக ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)'. முன்னோட்டத் தட்டுகள் அச்சான பிறகு வெளியீடு கைவிடப்பட்டது. ஏறக்குறைய எல்லாத் தட்டுகளும் அழிந்தன. வில்சன் பாடுவதை விட்டு மோட்டவுனிலேயே தயாரிப்பாளராகப் பெயரெடுத்தார். 70களில் இந்தப் பாட்டு இங்கிலாந்தின் அரங்குகளுக்கு வந்தபோது, எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் கள்ளப் பதிப்பாக வந்தது. தன் குரலுக்கு ஆயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள் என்பதே வில்சனுக்குத் தெரியாது. ஆடியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. 1979இல் டாம்லா மோட்டவுன் முறையாக இங்கே வெளியிட்டது.

பாட்டு புகழ்பெற்றது இரண்டே அசல் தட்டுகளை வைத்து. அவற்றில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. 2020இல் ஒரு தட்டு 1 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. விலையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அந்தக் கள்ள லேபிளில் இருந்த தவறான பெயர்தான் மறப்பதில்லை.

இங்கிலாந்துப் பதிப்புகளும் மதிப்புள்ளவையா?

சில நேரம் அமெரிக்க அசலைவிடப் பல மடங்கு. டேரல் பேங்க்ஸ் 1966இல் பாடிய 'ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் ரெவிலாட் லேபிளில் நன்றாகவே விற்றது. அதைச் சாதாரண விலைக்கு வாங்கலாம். இங்கிலாந்தில் முதலில் லண்டன் லேபிளில் வரவிருந்து, உரிமைச் சிக்கலால் திரும்பப் பெறப்பட்டு, ஸ்டேட்சைடு லேபிளில் வந்தது. தப்பித்து வெளியே வந்த லண்டன் லேபிள் விற்பனைத் தட்டு ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்கு ஏலம் போனது. ஒரே பாட்டு, ஒரே குரல். மாறியது லேபிள் மட்டும்.

'எமிடிஸ்க்', 'கார்வர்' என்பவை என்ன?

அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்னும் மெருகுப் பூச்சிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் தட்டு அசெடேட். இ.எம்.ஐ. நிறுவனத்தின் வெற்றுத் தட்டுக்கு எமிடிஸ்க் என்று பெயர். 70களில் அரிய பாட்டுகளை வட்டுக்காரர்கள் அதில் வெட்டிச் சுழற்றினார்கள். கார்வர் என்பது இன்று வினைல் போன்ற தட்டில் ஒற்றையாக வெட்டித்தருவது. பழைய எமிடிஸ்குக்கு வரலாற்று மதிப்பு உண்டு. புதிய கார்வருக்கு நான் பணம் தரமாட்டேன்.

அசல் வாங்க வசதி இல்லை. மறுபதிப்பு வாங்கினால் தாழ்வா?

ஒருபோதும் இல்லை! சில அரங்குகளில் அசல் தட்டு மட்டுமே போடவேண்டும் என்ற விதி உண்டு. அது அங்கே இசை போடுபவர்களுக்கானது. வீட்டில் கேட்பவர் உரிமை பெற்ற மறுபதிப்பை மகிழ்ச்சியோடு வாங்கலாம். லண்டனின் ஏஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கென்ட் லேபிள் 1982 முதல் இந்த வேலையை மூல ஒலிநாடாக்களைத் தேடிப்பிடித்து, முறையான உரிமத்தோடு செய்துவருகிறது. சிகாகோவின் நியூமரோ குரூப்பும் அப்படியே. சில பாட்டுகள் 60களின் தட்டில் கேட்டதைவிட அவற்றில் தெளிவாகவே இருக்கின்றன. மறுபதிப்பு தன்னை மறுபதிப்பு என்று சொல்கிறது. கள்ளப் பதிப்பு பொய் சொல்கிறது. எனக்கு வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேறுபாடு.

இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்பது?

இரு பக்கத்து டெட் வாக்ஸின் படம், லேபிளின் நெருக்கமான படம், ஸ்டைரீனா வினைலா என்ற பதில், பாட்டின் முதல் முப்பது நொடி ஒலிப்பதிவு; அசல் இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் ஓர் உறுதி. நேர்மையான வியாபாரி இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார். சொல்லப்போனால் கேட்கத் தெரிந்தவர் என்று மகிழ்வார். "எனக்குத் தெரிந்தவரை அசல்தான்" என்று மட்டும் எழுதுகிறவரிடம் பெரிய தொகை கொடுக்காதீர்கள். முந்தைய ஏல விலைகளைப் பாப்சைக் தளத்தில் பார்க்கலாம். சந்தை விலையில் கால் பங்குக்கு ஒரு தட்டு கிடைக்கிறதென்றால், மகிழ்வதற்கு முன் விளக்கையும் லென்ஸையும் எடுங்கள்.

சென்னை வெயிலில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது?

செங்குத்தாக நிறுத்திவையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். வெயில் படும் சுவரோரமும், நிறுத்திய காரின் உட்புறமும் வேண்டவே வேண்டாம். ஈரக் காற்றில் காகித லேபிளில் பூஞ்சை படியும், ஆகவே காற்றோட்டம் தேவை. ஸ்டைரீன் தட்டை ஊசியின் கீழ் முன்னும் பின்னும் அசைக்காதீர்கள். தொடக்கப் பள்ளம் ஒரே நாளில் கருகியதுபோல இரைச்சலிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. தேய்ந்த ஊசியும் அதே வேலையைச் செய்யும்.

ஏமாந்துவிட்டேன். கள்ளத் தட்டை என்ன செய்வது?

முதலில் விற்றவரிடம் ஆதாரத்தோடு பேசுங்கள். நானும் பேசினேன். அந்த வியாபாரி அடுத்த சந்தைக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. பணம் போனது போனதுதான். அந்தத் தட்டை நான் உடைக்கவில்லை, விற்கவும் இல்லை. உறையின் மேல் அழியாத மையில் 'கள்ளப் பதிப்பு' என்று பெரிதாக எழுதினேன். எனக்குப் பின் என் பெட்டிகளைத் திறக்கும் யாரும் அதை அசல் என்று நம்பி இன்னொருவருக்கு விற்றுவிடக் கூடாது. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, அதையும் ஓர் அசலையும் எடுத்து மேசையில் வைத்து, விளக்கைப் போட்டு, இரண்டையும் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.